சொந்த லாரி: வாங்கியதைவிட ரோட்டில் இறக்கியதுதான் பெரும்பாடு

பல வருஷம் அடுத்தவர் வண்டியில் ஸ்டியரிங் பிடித்துவிட்டு, போன வருஷம்தான் சொந்தமாக ஒரு பழைய பதினேழடி ஐச்சர் எடுத்தேன். நாமக்கல் வட்டாரம். ஓனர் நான், டிரைவர் நான், கிளீனரும் நான்தான். கையில் இருந்தது ரெண்டு லட்சம், மீதி ஃபைனான்ஸ். ஹெவி லைசென்ஸ் ஏற்கெனவே இருந்ததால் அந்தப் பக்கம் தலைவலி இல்லை. (மொத்த எடை 7,500 கிலோவுக்குள் இருக்கும் வண்டிக்கு எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சின்ன வண்டியில் ஆரம்பிக்கிறவர்கள் ஹெவிக்கு அலைய வேண்டியதில்லை.)

விசாரிக்கிறவர்கள் எல்லோரும் முன்பணம் எவ்வளவு, டியூ எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள். வண்டி ஓடாமல் நிற்கிற நாட்களுக்கு எவ்வளவு எடுத்து வைத்திருந்தாய் என்று ஒருத்தரும் கேட்பதில்லை. என் கழுத்தை நெரித்தது அதுதான். வண்டி ஒரு லோடு ஏற்றும் முன்பே முதல் டியூ தேதி வந்துவிட்டது.

ஃபைனான்ஸில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். 'பத்து பர்சன்ட்தான் சார்' என்பார்கள், அது ஃபிளாட் வட்டி, அதாவது அசல் குறைந்தாலும் கடைசி வரை முழுத் தொகைக்கும் வட்டி. 5 லட்சத்துக்கு 36 மாதம் போட்டால் மாதம் 18,055 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டி குறையும் முறையில் பார்த்தால் இது கிட்டத்தட்ட 18 சதவீதம். டாக்குமென்ட் சார்ஜ், அது இது என்று பிடித்துக்கொண்டு கையில் வருவது எவ்வளவு என்பதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

இனி பேப்பர் கதை. விற்றவர் பக்கத்து மாவட்டத்து அண்ணன், நல்ல மனுஷர். வண்டி மேலிருந்த கடனை எப்போதோ கட்டி முடித்துவிட்டார். ஆனால் ஆர்.சி.யில் பழைய ஃபைனான்ஸ் பெயர் அப்படியே இருந்தது. அதை நீக்கினால்தான் என் பெயருக்கு மாற்ற முடியும். நீக்க ஃபார்ம் 35-உம் ஃபைனான்ஸ்காரர் தரும் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வேண்டும். அவரிடம் இருந்த என்.ஓ.சி. லேமினேஷன் எல்லாம் போட்டுப் பத்திரமாக இருந்தது, தேதிதான் எப்போதோ காலாவதி. புதிதாக வாங்கப் போனால் அந்தக் கிளையே வேறு ஊருக்கு மாறிவிட்டது. தேடிப் பிடித்துப் போனோம். கவுண்டரில் இருந்த தம்பி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "லோன் க்ளோஸ்னுதான் காட்டுது. ஆனா லெட்டர் ஹெட் ஆபீஸ்ல இருந்துதாங்க வரணும்" என்றார். எப்போது வரும் என்றதற்கு, "மெயில் போட்டிருக்கேன்" என்பதுதான் பதில். அடுத்த முறை போனபோதும் அதே பதில். மூன்றாம் முறை அந்தத் தம்பியே லீவு.

இங்கே எனக்குக் கைகொடுத்தது ஒரு பழைய ஓனர் சொன்ன யோசனை: "பணம் முழுசையும் கொடுத்துராதே. ஆர்.சி. உன் பேருக்கு வர்ற வரைக்கும் ஒரு தொகையை நிறுத்தி வை." 25,000 ரூபாய் நிறுத்தி வைத்திருந்தேன். அந்த அண்ணன் நல்லவர்தான், ஆனாலும் அந்த இருபத்தைந்தாயிரம் இருந்ததால்தான் சொந்த வேலையை விட்டுவிட்டு ஒவ்வொரு முறையும் என்னோடு அலைந்தார் என்பது என் கணக்கு.

என்.ஓ.சி. வந்து ஆன்லைனில் போட்டால் அடுத்த பூட்டு. பக்கத்து மாநிலத்தில் போட்ட ஓர் இ-சலான் பாக்கி. அவர் காலத்தில் விழுந்தது, அவருக்கே தெரியாது. ரொம்ப நாள் கட்டாமல் கிடந்ததால் சலான் தளத்தில் பணம் வாங்கவில்லை, மெய்நிகர் நீதிமன்றத்துக்கு (ஆன்லைன் கோர்ட்) போய்விட்டது. அதற்குத் தனித் தளம், அங்கேதான் கட்ட வேண்டும். கட்டியும் ஆர்.டி.ஓ. பக்கம் 'பாக்கி' என்பது மறைய நாளாகிறது. ரசீதை நீட்டினால், "சிஸ்டத்துல போகலையே" என்கிறார்கள். பழைய வண்டி எடுக்கிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே வண்டி நம்பரைப் போட்டு இரண்டு தளங்களிலும் பார்த்துவிடுங்கள்.

அதற்கப்புறம் ஓ.டி.பி. விற்றவருடைய ஆதாரோடு இணைந்த நம்பர், சிம் தொலைந்துபோன பழைய நம்பர். அதை மாற்றி முடித்தால் பெயர் ஒத்துப்போகவில்லை. ஆர்.சி.யில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால். நம் ஊரில் பாதிப் பேருக்கு இப்படித்தான் இருக்கும், கம்ப்யூட்டருக்கு அது புரிகிறதா? நேரில் விசாரித்தபோது அந்த கிளார்க் முகத்தைக்கூட நிமிர்த்தாமல், "ரெண்டும் ஒரே ஆள்னு நான் எப்படிச் சொல்றது?" என்றார். ஆள் எதிரிலேயே நிற்கிறார். கடைசியில் இருவரும் ஒருவரே என்று நோட்டரி அஃபிடவிட் போட்டு, பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ஐ நேரில் கொடுத்துத்தான் நகர்ந்தது. நல்ல வேளை, வண்டிக்கு வரி கட்டியிருந்த காலாண்டு அதற்குள் முடியவில்லை.

எஃப்.சி.யும் (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்றிதழ்) அதே சமயத்தில் காலாவதியானது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு வருஷா வருஷம் எஃப்.சி. பிரேக், லைட், சைடு கார்டு எல்லாம் பட்டறையில் பார்த்து, பெயின்ட் டச்சப் பண்ணிக் கொண்டுபோனேன். ஒளிரும் ஸ்டிக்கருக்குச் சான்றிதழ் இருக்கிறது. ஸ்பீடு கவர்னர் (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) வண்டியில் இருக்கிறது, அதன் சான்றிதழ் புதுப்பிக்கவில்லை. அன்றைக்கு அது போச்சு.

மறுமுறை பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, கேபின் இடது பக்கம் நின்று, "இது யாரு?" என்றார். கதவுக்குக் கீழே பழைய ஓனர் பெயரும் ஊரும் மஞ்சள் எழுத்தில் பளிச்சென்று இருந்தன. ஆர்.சி. இப்போது என் பெயரில். மதியத்துக்குள் மாற்றிக்கொண்டு வந்தால் பார்ப்பதாகச் சொன்னார். அந்த ஆபீஸ் கேட்டுக்கு எதிரே ஒரு பெயின்டர் இருக்கிறார், எழுபது வயது இருக்கும். தின்னர் துணியால் பழைய பெயரை அழுத்தித் துடைத்தார், கறுப்பு அடித்தார், காய்வதற்குள் டீ குடித்துவிட்டு வந்தார். ஸ்கேல் கிடையாது, கோடு கிடையாது. என் பெயர், ஊர், வண்டி எடை, சரக்கு எடை எல்லாம் ஒரே மூச்சில் எழுதி முடித்தார். முன்னும் பின்னும் மங்கிப்போயிருந்த 'என்.பி.' (நேஷனல் பர்மிட்) எழுத்தையும் காசு வாங்காமலே தீட்டிவிட்டார். "முதல் வண்டியா? இன்ஷியல் சரியா இருக்கா பாத்துக்க" என்று கேட்டாரே, அங்கேதான் சிரிப்பு வந்தது. மதியம் எஃப்.சி. ஆனது.

பர்மிட் பெயர் மாற்றம் தனி விண்ணப்பம், அது சுலபமாக முடிந்தது. நேஷனல் பர்மிட் கட்டணம் வருஷத்துக்கு 16,500, அனுமதிக் கட்டணம் 1,000. இன்சூரன்ஸையும் 14 நாளைக்குள் நம் பெயருக்கு மாற்ற வேண்டும். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காததற்கான தள்ளுபடி) நமக்கு வராது, அந்த வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள். புதுப்பிக்கும்போது இன்னும் வலிக்கும்: 7,500 முதல் 12,000 கிலோ வரையிலான சரக்கு வண்டிக்கு 2022-இல் நிர்ணயித்த தேர்டு பார்ட்டி கட்டணமே 27,186 ரூபாய், வரி தனி. ஃபாஸ்டேக் இன்னொரு குட்டிச் சனியன். பழையவர் தன் டேக்கை மூடாமல் நமக்குப் புது டேக் ஏறாது. அந்த 25,000-ஐக் கொடுக்கும் முன்பே அதையும் மூட வைத்துவிடுங்கள்.

ஒருவழியாக முதல் லோடு. சேலத்திலிருந்து பெங்களூருக்கு ஜவ்வரிசி. புக்கிங் ஆபீஸில் கமிஷன் போக வாடகையில் முக்கால்வாசி அட்வான்ஸ், பாக்கி இறக்கின பிறகு. தொப்பூர் கணவாயைத் தாண்டும்போது மனசு லேசாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் குடோனுக்குப் போனால் கூலி ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், திங்கட்கிழமைதான் இறக்குவார்களாம். ஞாயிறு முழுக்க வண்டியிலேயே கிடந்தேன். ஹால்டிங் (காத்து நின்றதற்கான காசு) கேட்டால், "புக்கிங்ல பேசுனீங்களா?" என்றார்கள். புக்கிங்கில் கேட்டால், "பார்ட்டி கொடுத்தா கொடுக்கறோம்" என்றார்கள். நின்றதற்குக் காசு இல்லை.

அதைவிடக் கொடுமை எல்.ஆர்., அதாவது லாரி ரசீது. இறக்கினதும் குடோன்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஊருக்கு வந்து பாக்கி கேட்டால், சீல் இல்லை என்று திருப்பிவிட்டார் புக்கிங் மேனேஜர். "சீல் இல்லாம பார்ட்டி பில் பாஸ் பண்ண மாட்டாங்கண்ணா." அந்தக் காகிதம் கூரியரில் பெங்களூர் போய், சீலோடு திரும்பி வரும்வரை பாக்கியும் வரவில்லை. அதே சமயம் டீசல் கடன், டியூ. பங்க்காரர் தெரிந்தவராக இல்லையென்றால் வண்டி அப்படியே நின்றிருக்கும்.

இப்போது லோடு ஏற்றும் முன்பே ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போட்டுவிடுகிறேன்: வாடகை இவ்வளவு, அட்வான்ஸ் இவ்வளவு, இறக்குகூலி யார் பொறுப்பு, எத்தனை மணிக்கு மேல் நின்றால் ஹால்டிங் எவ்வளவு. 'ஓகே' என்று பதில் வராமல் படுதாவைப் பிரிப்பதில்லை. எடை மேடைச் சீட்டு ஏற்றும் இடத்திலும் இறக்கும் இடத்திலும் எடுத்து வைக்கிறேன், குறைச்சல் என்று பிடிக்க வந்தால் காட்டலாம். அளவுக்கு மேல் ஏற்றச் சொன்னால் முடியாது என்று விடுகிறேன். ஓவர்லோடு அபராதம் 20,000, அதற்கு மேல் கூடுதல் டன்னுக்கு 2,000. என்னுடைய ஒரு மாத டியூவே அவ்வளவு இல்லை. இ-வே பில்லில் (சரக்கோடு போகும் ஜி.எஸ்.டி. சீட்டு) வண்டி நம்பர் சரியா, செல்லுபடி எத்தனை நாள் என்பதையும் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் கணக்கு. குடோன் வாசலில் நின்றே நாள் தீர்ந்துவிடும்.

ஜெயித்த விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த பாக்கியில் டி.டி.எஸ். (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தார்கள். பத்து சரக்கு வண்டிக்கு மேல் இல்லாத ஓனர், பான் நம்பரோடு எழுதிக் கொடுத்தால் பிடிக்கக் கூடாது. சொன்னபோது அந்த மேனேஜர், "எல்லாருக்கும் பிடிக்கிறதுதானே" என்றார். எனக்குத் தெரிந்த ஆடிட்டரிடம் அரைப் பக்கக் கடிதம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ரெண்டு நாள் கழித்து அந்த மேனேஜரே போன் பண்ணி, அதே கடிதத்தின் மாதிரியை அனுப்ப முடியுமா, வேறு ரெண்டு வண்டிக்காரர்கள் கேட்கிறார்கள் என்றார். அனுப்பினேன். பிடித்த பணம் ரிட்டர்ன் போட்டால் திரும்பி வரும். 12 டன்னுக்குள்ளான வண்டிக்கு மாதம் 7,500 ரூபாய் வருமானம் என்று காட்டும் வழி இருப்பதால் கணக்குப் புத்தகம் எழுதும் தொல்லையும் இல்லை. ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா என்று பலர் பயப்படுகிறார்கள். நாமே கன்சைன்மென்ட் நோட் (சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான சீட்டு) போடாமல் வெறும் வண்டி ஓட்டுகிறவரை அதுவும் வேண்டியதில்லை.