செல் எப்படிச் செத்தது?

பூச்சி வைரஸ் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர் முதல் சில வாரங்கள் வைரஸைத் தொடாமல் செல்களை மட்டும் வளர்ப்பது நல்லது. நலமான செல் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழகாத வரை, சாகிற செல்லைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதிகம் புழங்குபவை எஸ்எஃப்21 செல்களும் அவற்றிலிருந்து பிரித்தெடுத்த எஸ்எஃப்9 செல்களும். இரண்டும் படைப்புழுவின் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து வந்தவை. 27 டிகிரி செல்சியஸ் வெப்பம் போதும். செல் வளரும் திரவமான ஊடகத்தின் பிஎச் 6.2 அளவில் பாஸ்பேட்டாலேயே நிலைத்து நிற்பதால் கார்பன் டை ஆக்சைடு தேவைப்படாது. தட்டில் லேசாகத்தான் ஒட்டும் என்பதால், செல்லைப் பிரித்தெடுக்கும் டிரிப்சின் நொதி சேர்க்காமல் ஊடகத்தையே மெல்லப் பீய்ச்சி எடுத்துவிடலாம். செத்த செல்லை நீலமாக்கும் டிரைபன் புளூ சாயமிட்டு எண்ணும்போது நூற்றில் 95-க்குக் குறைவாக உயிரோடு இருந்தால் அன்றைக்கு வைரஸ் பரிசோதனை வேண்டாம். நெரிசலில் தாமாகச் சாகும் செல்கள் வைரஸின் கணக்கில் ஏறிவிடும்.

இவ்வளவு கறார் எதற்கென்றால், இத்துறையின் பெரிய கண்டுபிடிப்பே செத்த செல்களை உற்றுப் பார்த்ததால் கிடைத்தது. பூச்சிகளைத் தாக்கும் பேக்குலோவைரஸ்களில் ஒன்றான ஏசிஎம்என்பிவி தொற்றினால், வைரஸைப் பொதிந்த பாலிஹெட்ரா என்ற புரதப் படிகங்கள் செல்லின் உட்கருவில் நிறைய ஏறத்தாழ ஒரு நாளும் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் செல் தன்னைத் தானே அழித்துக்கொண்டால் (இதற்குப் பெயர் அப்போப்டோசிஸ்) வைரஸ் பெருக இடமில்லை. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் லோயிஸ் மில்லரின் ஆய்வகத்தில் ரோலி கிளெம் ஆராய்ந்த ஒரு பிறழ்வு வைரஸ், எஸ்எஃப்21 செல்களைப் படிகம் தோன்றும் முன்பே குமிழ்விட்டுச் சிதற வைத்தது. அதில் பழுதாகியிருந்தது, செல் தன்னை அழித்துக்கொள்வதைத் தடுக்கும் பி35 என்ற ஜீன். 1991-இல் இது வெளியானது. இரண்டே ஆண்டுகளில், ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சியின் கிரானுலோவைரஸிலிருந்து, அதே சாவைத் தடுக்கும் ஐஏபி ஜீன் வந்தது. மனித செல்களில் உள்ள எக்ஸ்ஐஏபி போன்ற புரதங்களைத் தேடிப் போக வழிகாட்டியது இந்தப் பூச்சி வைரஸ் ஜீன்தான். பயிர்ப்பூச்சியின் நோயை ஆராய்வது ஒதுக்குப்புறமான வேலை என்று நினைக்கும் இளைஞர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பி35 புரதம் வேலை செய்யும் விதம் அழகானது. அப்போப்டோசிஸை நடத்தும் காஸ்பேஸ் நொதி அதன் 87-ஆவது அமினோ அமிலமான அஸ்பார்டேட்டுக்கு அடுத்து வெட்டும். வெட்டிய நொதி அந்த இடத்திலேயே வேதிப் பிணைப்பில் சிக்கிக்கொள்ளும். மீண்டும் எதையும் வெட்டாது.

பரிசோதனையில் அதிகம் சறுக்குவது வைரஸின் அளவில்தான். ஒரு செல்லுக்கு ஒரு வைரஸ் என்று கணக்கிட்டு ஊற்றினாலும் எல்லாச் செல்களுக்கும் தொற்று வராது. பாய்சான் பரவலின்படி சுமார் 37 விழுக்காடு தப்பிவிடும். அவை முதல் சுற்றில் வெளிவரும் வைரஸால் பின்னர் தொற்றும். அப்போது பன்னிரண்டாம் மணியில் சாகும் செல்லும் முப்பதாம் மணியில் சாகும் செல்லும் ஒரே தட்டில் கலந்திருக்கும். நேரவரிசை பார்ப்பதானால் செல்லுக்கு ஐந்துக்குக் குறையக் கூடாது. அப்போது தப்புவது ஒரு விழுக்காட்டுக்கும் கீழே. ஒரு மணி நேரம் ஒட்டவிட்டு, மீதி வைரஸைக் கழுவி நீக்கிய பிறகே கடிகாரத்தைத் தொடங்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கு மாதிரி எடுக்க வேண்டிவரும் என்பதால், தொற்று ஏற்றும் நேரத்தைப் பின்னிருந்து கணக்கிடுவது வழக்கம்.

அடுத்தது, மிதக்கும் செல்கள். சாகும் செல் தட்டை விட்டு விலகும். ஊடகத்தைக் கொட்டிவிட்டு ஒட்டியிருப்பதை மட்டும் சுரண்டி எடுத்தால் சாட்சியமே குப்பையில் போய்விடும். ஊடகத்தையும் சேர்த்து மெதுவாகச் சுழற்றி எடுத்தால்தான், அப்போப்டோசிஸில் துண்டான டிஎன்ஏ ஏணிப்படி போலத் தெரியும். 2 விழுக்காடு அகரோஸ் கூழில் 180 முதல் 200 கார இணை வரையான அலகின் மடங்குகளாகப் படிகள் வர வேண்டும். படியில்லாத வெறும் தீற்றல் வேறு வகைச் சாவையும் குறிக்கலாம். அதை வைத்து அப்போப்டோசிஸ் என்று எழுதக் கூடாது. காஸ்பேஸ் அளவீட்டில் டைதயோதிரைட்டால் (டிடிடி) என்ற ஒடுக்கும் வேதிப்பொருளைப் புதிதாகச் சேர்க்காவிட்டால் நொதி சோம்பிப்போகும். சாகும் செல்லின் மேற்பரப்பில் ஒட்டும் அனெக்சின் கொண்டு சாயமிடும்போது, பாலூட்டி செல்லுக்கென விற்கும் கரைசலை அப்படியே ஊற்றினால் பூச்சி செல் நீரை இழுத்து வீங்கும். பூச்சி ஊடகத்தின் ஊடுபரவல் செறிவு அதைவிட அதிகம் என்பதை மறப்பவர்கள் நிறைய.

சேமித்து வைக்கும் வைரஸ் இருப்பு தனிக் கவலை. 4 டிகிரியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். செல்லுக்கு 0.1 என்ற குறைந்த அளவில் பெருக்கி, சில தலைமுறைகளோடு நிறுத்த வேண்டும். திரும்பத் திரும்ப அதிக அளவில் ஏற்றினால் படிகம் குறைந்த பிறழ்வுகளும் ஜீன் இழந்த வைரஸ்களும் மேலோங்கும். பி35 இல்லாத வைரஸை எஸ்எஃப்21-இல் பெருக்குவது வீண், ஆபத்தும்கூட. அங்கே அது குறைவாகவே பெருகும். துளியளவு இயல்பு வைரஸ் கலந்திருந்தாலும் அதுவே இருப்பை நிறைத்துவிடும். வேறொரு அந்துப்பூச்சியின் டிஎன்-368 செல்கள் இந்தப் பிறழ்வுக்குச் சாகாமல் தாங்குவதால் அவற்றில் பெருக்கி, ஒரே வைரஸிலிருந்து தோன்றும் புள்ளியான பிளாக் எடுத்துத் தூய்மைப்படுத்தி, ஜீனைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆரில் சரிபார்ப்பதே சரி. செல்களும் வைரஸ் இல்லாதவை என்று நம்ப முடியாது. எஸ்எஃப்9 செல்களில் ராப்டோவைரஸ் ஒன்று குடியிருப்பது 2014-இல் வெளிவந்தது. தொற்று ஏற்றாத தட்டு ஒன்று ஒவ்வொரு முறையும் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

பேக்குலோவைரஸில் பழகிய கை இன்று கொசு வைரஸுக்கும் பயன்படுகிறது. கிளெம்மின் குழு, கொசு பரப்பும் சிண்ட்பிஸ் வைரஸில், செல்லைச் சாகத் தூண்டும் ரீப்பர் ஜீனைச் சேர்த்து ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்குக் கொடுத்துப் பார்த்தது. வைரஸ் பெருகுவது தொடக்கத்தில் தடைப்பட்டது; பிறகு அந்த ஜீனை இழந்த வைரஸ்கள் விரைவில் மேலோங்கின. ஆகவே இத்தகைய பரிசோதனையில் கொசுவுக்குள் போன வைரஸை மட்டும் பதிவுசெய்தால் போதாது. வெளியே எடுத்த வைரஸின் வரிசையையும் படித்த பிறகே வரைபடம் போட வேண்டும்.