எக்ஸ்ரேயில் தெரியாத பிளேட்டுக்கு எக்ஸ்ரே கேட்டார்கள்

நேற்றுதான் இன்ஷூரன்ஸ் பணம் அக்கவுண்டில் ஏறியது. ஆறு வாரம் அலையவிட்ட கடுப்பு இன்னும் அடங்கவில்லை.

ஒன்றரை வயது மகளுக்கு மூளையை ஒட்டி நீர்க்கட்டி, அரக்னாய்டு சிஸ்ட். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அதற்காக வெட்டி எடுத்த மண்டை எலும்பைத் திரும்பப் பொருத்த டைட்டானியம் வேண்டாம், கரையும் பிளேட்டு போடுவோம் என்று சர்ஜன் முன்பே சொல்லியிருந்தார். வளர்கிற மண்டை எலும்பு வெளிப்பக்கம் படிந்து, உள்பக்கம் கரைந்துகொண்டே வருமாம். மேலே வைத்த உலோகத் தகடு சில வருடத்தில் உள்ளே போய் நிற்கலாம். இதுவோ கரையும் தையல் நூல் ரகம்: லாக்டிக், கிளைகாலிக் அமிலங்களிலிருந்து செய்த பாலிமர். வெந்நீரில் முக்கினால் நனைந்த அப்பளமாக வளையும், ஆறினால் விறைத்துக்கொள்ளும். ஒன்று, ஒன்றரை வருடத்தில் கரைந்துவிடும்.

இன்ஷூரன்ஸ்காரர்கள் மற்றதையெல்லாம் கொடுத்துவிட்டு பிளேட்டு, ஸ்க்ரூ தொகையை மட்டும் நிறுத்தினார்கள். இம்ப்ளான்ட் தெரிகிற எக்ஸ்ரே வேண்டுமாம்! இந்தப் பாலிமர் எக்ஸ்ரேயில் விழாது என்று போனில் சொன்னேன். "போட்டிருந்தா தெரியணுமே சார்" என்றார் அந்தத் தம்பி. வாதாட அலுத்து, பிள்ளையைத் தூக்கிப்போய் எடுத்தும் கொடுத்தேன். அது என் முட்டாள்தனம். எலும்பை வெட்டிய கோடும் புள்ளி புள்ளியாகச் சில துளைகளும்தான் விழுந்திருந்தன. "பிளேட்டே இல்லையே சார்."

அப்புறம்தான் ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது. பிளேட்டு வந்த பாக்கெட்டில் லாட் நம்பரோடு, அதாவது எந்தத் தயாரிப்புத் தொகுதி என்ற எண்ணோடு இருக்கும், ஆபரேஷன் தியேட்டர் நோட்ஸில் ஒட்டுவார்கள். ரெக்கார்டு ரூமில் மனு எழுதி, இரண்டு நாள் கழித்து வரச்சொல்லி, கடைசியில் கொடுத்த ஜெராக்ஸில் ஸ்டிக்கர் இருந்த இடம் கன்னங்கரேல். கலர் காப்பிக்கு மறுபடி ஒரு லீவு. அதோடு சர்ஜனிடம் லெட்டர்ஹெட்டில் இரண்டே வரி: இன்ன பாலிமர், எக்ஸ்ரேயில் தெரியாது. இன்வாய்ஸ் லாட் நம்பரும் ஸ்டிக்கரும் ஒத்துப்போயின. ஐந்தாம் நாள் பணம்.

டிஸ்சார்ஜுக்கு முன்னாலேயே ஸ்டிக்கரை போனில் படமெடுத்து வையுங்கள். எங்கள் சம்மரியில் வெறும் 'மினி பிளேட்' என்றுதான் இருந்தது. 'கரையும் பாலிமர்' என்று எழுதச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ எடுக்கப் போனாலும் முதலில் உலோகமா என்றுதான் கேட்பார்கள். கரையும் காலத்தில் அந்த இடம் லேசாகப் புடைக்கலாம், பயந்து அமுக்காமல் காட்டுங்கள் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார்.

தலை சீவும்போது காதுக்கு மேலே அந்தப் பிளேட்டின் ஓரம் இப்போதும் விரலில் தட்டுகிறது. அந்தத் தம்பியை வந்து தொட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கலாம்.