கணக்கு வராதவர்களுக்கு எந்தக் கைத்தொழில்?

"பையனுக்குக் கணக்கு சுத்தமா வராது சார், ஏதாவது ஒரு கைத்தொழில்ல போட்டுவிடுங்க." ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுத்த காலத்தில், சேர்க்கை நேரத்தில் பெற்றோர்களிடமிருந்து நான் அதிகம் கேட்டது இதுதான்.

கைத்தொழிலில் கணக்கு இருக்காது என்று நம்பி ஏதோ ஒரு பிரிவில் சேர்த்துவிட்டால் பிள்ளைதான் திண்டாடுவான். லேத் இயந்திரத்தில் உலோகத்தைக் கடையும் டர்னர் வேலையைப் பாருங்கள். ஒரு முனையில் விட்டம் 40 மி.மீ., மறுமுனையில் 30 மி.மீ., நீளம் 100 மி.மீ. என்று ஒரு டேப்பர், அதாவது சீராகச் சிறுத்துக்கொண்டே போகும் தண்டு, கடைய வேண்டும். வெட்டும் உளியைத் தாங்கும் காம்பவுண்ட் ரெஸ்ட்டை எத்தனை டிகிரி திருப்புவது? டேன்ஜென்ட் போட்டுப் பார்த்தால்தான் தெரியும், 3 டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு என்று. தையல் சுலபம் என்பார்கள். மார்பளவு 34 அங்குலம் என்றால் கால் பங்கு எட்டரை, அதோடு லூஸ், தையலுக்கு விடுவது என்று கத்தரியை எடுக்கும் முன்பே பின்னக் கணக்கு வந்து நிற்கும். தச்சு வேலையில் அங்குலத்துக்கு 8 நூல். ஒரு நூல் பிசகினாலும் கதவு நிலையில் உரசும்.

வெல்டிங்கிலும் எண் உண்டு. ஆனால் அது வேலையின் வாசலிலேயே நின்றுவிடும். உருகி இணைப்பில் சேரும் வெல்டிங் ராடு 3.15 மி.மீ. என்றால் சுமார் 110 ஆம்பியர் என்று மெஷினில் வைத்துவிட்டால், அப்புறம் கண்ணும் காதும்தான். ராடு நுனியில் எரியும் மின்சுடர், அதாவது ஆர்க், சரியாக இருந்தால் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். ராடு தூக்கினால் சத்தம் மாறும், பொறி தெறிக்கும். உருகிய உலோகம் எவ்வளவு அகலம் பரவுகிறது, கசடு எங்கே நிற்கிறது என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கை நகர வேண்டும். ஒர்க்‌ஷாப் கால்குலேஷன் பாடம் எங்கள் பிரிவுக்கும் இருந்தது. அந்த வகுப்பில் வியர்த்துப்போன பையன்கள் சிலர்தான் ஷெட்டில் மிக ஒழுங்காக பீட், அதாவது வெல்டிங் வரி, போட்டார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். எண்கள் மனதில் நிற்காத டிஸ்கால்குலியா என்ற கற்றல் குறைபாட்டை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

பெயின்டிங், மர பாலிஷ் வேலைகளும் இப்படித்தான். பட்டி பார்த்து எமரி தேய்க்கும்போது சுவர் சமமாகிவிட்டதா என்பதை உள்ளங்கை சொல்லிவிடும். சதுர அடிக் கணக்கு மேஸ்திரியோடு போய்விடும்.

சொந்தமாகத் தொழில் தொடங்கும்போது மட்டும் கதை மாறுகிறது. ஒரு கேட்டுக்கு எத்தனை கிலோ இரும்பு, எத்தனை ராடு, கூலி எவ்வளவு என்று எல்லாம் தலைக்கு வரும். பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவர் ஒருவருக்கு அளவெடுப்பது, கொட்டேஷன் போடுவது எல்லாம் அவருடைய தங்கைதான். வெல்டிங் மட்டும் அவர் கையில். நல்ல ஏற்பாடு, இருவருக்குமே வருமானம்.

அதனால் பெற்றோர்களிடம் நான் சொல்வது இதுதான்: பிரிவின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். தெரிந்த பட்டறையில் பிள்ளையை நாலு நாள் நிற்க விடுங்கள். அங்கே டேப்பை யார் எடுக்கிறார்கள், எத்தனை தடவை எடுக்கிறார்கள், பில் யார் எழுதுகிறார்கள் என்று அவனே பார்த்து வந்து சொல்லட்டும்.