1964 சட்டத்தை டர்க்சன் வழியாகப் படியுங்கள்

முதுகலை வரலாற்றில் அமெரிக்க வரலாற்றுத் தாளுக்குப் படிப்பவர்களுக்கு ஜனாதிபதிகளின் பெயர்கள் வரிசை பிசகாமல் வரும். இனப் பாகுபாட்டைத் தடைசெய்த '1964 குடிமை உரிமைகள் சட்டம் செனட்டில் எப்படி நிறைவேறியது?' என்று கேட்டால் மட்டும் பேனா தயங்கும். அந்தக் கேள்விக்கு நான் எவரெட் டர்க்சன் என்ற ஒருவரைப் பிடித்துக்கொண்டுதான் தயாரானேன்.

வாழ்க்கைக் குறிப்புக்கு அதிக நேரம் வேண்டாம். 1896இல் இலினாய் மாநிலத்தின் பீக்கின் ஊரில் பிறந்தார். 1933 முதல் பிரதிநிதிகள் சபையில் இருந்தார். கண் கோளாறால் 1948 தேர்தலில் நிற்கவில்லை. 1950இல் செனட்டின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரான ஸ்காட் லூகாசையே தோற்கடித்துச் செனட்டுக்குள் நுழைந்தார். 1959 முதல் 1969இல் இறக்கும்வரை அங்கே குடியரசுக் கட்சிக்குத் தலைவர். செண்டுமல்லியைத் தேசிய மலராக்கச் சொல்லி அவர் வாதாடியது சுவையான செய்திதான். விடைத்தாளில் அதற்கு மதிப்பெண் கிடையாது.

நேரத்தைச் செலவிட வேண்டிய இடம் வாக்குக் கணக்கு. நூறு பேர் கொண்ட செனட்டில் விவாதத்தை முடித்து மசோதாவை வாக்கெடுப்புக்கு விட அன்றைய விதிப்படி 67 வாக்குகள் வேண்டியிருந்தது. ஜனநாயகக் கட்சிக்கு அப்போது சரியாக 67 பேர் இருந்தார்கள். பிறகென்ன சிக்கல் என்று தோன்றும். ரிச்சர்ட் ரஸ்ஸல் தலைமையில் பேசிப் பேசியே மசோதாவைச் சாகடிக்க முனைந்த தென் மாநிலத்தவர்களும் அதே கட்சிக்காரர்கள்தான்! ஆகவே டர்க்சனின் 33 பேரில் பெரும்பாலோர் வராமல் காரியம் நடக்காது. அவரும் சும்மா வந்துவிடவில்லை. வேலைவாய்ப்புப் பிரிவில் மாநில அமைப்புகளுக்கு முதல் வாய்ப்பு தரும் வகையில் திருத்தங்களைப் பேசி வாங்கிக்கொண்டுதான் வந்தார்.

ஜூன் 10 அன்று காலை, மசோதாவை எதிர்த்த ராபர்ட் பேர்டு 14 மணி 13 நிமிடம் பேசி ஓய்ந்த பிறகு, விவாதத்தை முடிப்பதற்கான வாக்கெடுப்பு. மூளைக் கட்டியால் பேச்சிழந்த கிளேர் எங்கிள் கண்ணைச் சுட்டிக்காட்டித் தன் ஆதரவைத் தெரிவித்தார். முடிவு 71–29. ஆதரவு: ஜனநாயகக் கட்சி 44, குடியரசுக் கட்சி 27. எதிர்ப்பு: 23, 6. இந்த நான்கு எண்களையும் சிறு கட்டமாகப் போட்டுவிட்டு விடையைத் தொடங்குங்கள். ஜனாதிபதி ஜான்சன் ஒருவரே சாதித்தார் என்று எழுத அதன்பின் கை வராது.

'மதிப்பிடுக' என்று கேட்டால் அவரைத் தியாகியாக்கிவிடாதீர்கள். 1954இல், கம்யூனிஸ்ட் வேட்டைக்குப் பேர்போன செனட்டர் மெக்கார்த்திக்கு எதிரான கண்டனத் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்தவர் இவர். 1966இல் வீட்டுவசதிப் பாகுபாட்டுக்கு எதிரான மசோதாவுக்குக் குறுக்கே நின்றார். 1968இல் திருத்தங்களோடு அதையே ஆதரித்தார். எதிர்ப்பு, பேரம், ஆதரவு என்ற இந்த வரிசை 1964இலும் 1968இலும் ஒன்றாகவே இருக்கிறது. அதை எடுத்துக்காட்டினால் விடையின் இரண்டாம் பாதி தானாக எழுந்துவிடும்.