பூச்சி எண்ணும் வேலை

மே 28, 2024
விஸ்கான்சினின் மேற்குப் பக்கம், ஓக் மரக்காடு. ஸ்பாஞ்சி மாத் எனும் அந்துப்பூச்சிக்கு இனக்கவர்ச்சிப் பொறி கட்டும் கோடை வேலை இன்று தொடங்கியது. அட்டையை முக்கோணக் கூடாக மடிக்க வேண்டும். உட்புறம் பசை. நடுவில் பெண் பூச்சியின் வாசனையைச் செயற்கையாக ஏற்றிய சின்னப் பட்டை. அந்த மருந்துக்கு டிஸ்பார்லூர் என்று பெயர். இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு பொறி என்று வரைபடத்தில் புள்ளி வைத்துக் கொடுத்துவிட்டார்கள். புள்ளி சதுப்பில் விழுந்தால் அது என் பாடு. 14 பொறி கட்டினேன், 3 உண்ணி பிடுங்கினேன்.

ஜூன் 9
அப்பா போனில் கேட்டார்: "நம்ம தோப்புல சிவப்புக் கூன்வண்டுக்கு வாளி கட்டுறோமே, அதுதானே?" கிட்டத்தட்ட. ஆனால் வாளிக்கு ஆண், பெண் இரண்டுமே வந்து விழும். இங்கே ஆண் மட்டும்தான் வரும். பூச்சி இந்தப் பக்கம் வந்துவிட்டதா, எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் இதெல்லாம்.
"எண்ணுறதுக்கா அமெரிக்கா போனே?" என்றார்.

ஜூலை 5
எல்லாம் பூஜ்யம். 1860களின் கடைசியில் பட்டு ஆராய்ச்சிக்கென்று ட்ரூவெலோ என்பவர் ஐரோப்பாவிலிருந்து மாசசூசெட்ஸுக்குக் கொண்டுவந்த பூச்சி இது. தப்பித்தது, அன்றிலிருந்து மேற்கே நகர்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த வகைப் பெண்ணுக்கு இறக்கை உண்டு, பறக்காது. விறகிலும் வண்டிச் சக்கரத்தடியிலும் முட்டை வைத்துவிடும், மிச்சப் பயணத்தை நாம் பார்த்துக்கொள்கிறோம். அதனால் கூடாரம் போடும் மைதானங்கள் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

ஜூலை 23
சந்தேகம் சரி. மைதானத்துப் பொறியில் 7 ஆண்கள். பழுப்பு நிறம், சீப்பு மாதிரி உணர்கொம்பு. வளர்ந்த பூச்சி எதுவும் தின்பதில்லை. இலையை மொட்டையடிப்பதெல்லாம் புழுப் பருவத்தில்தான்.

ஜூலை 26
மதியம் சாப்பிடும்போது ஓர் ஆண் பூச்சி கோணல்மாணலாகப் பறந்து வந்து என் சட்டைப்பையில் உட்கார்ந்தது. மே மாதம் ஒருநாள் கையுறை இல்லாமல் பட்டையைத் தொட்டேன், அதன் பலன். இந்த வாசனை உடம்பில் ஏறினால் ஆண்டுக்கணக்கில் போகாதாம். கல்யாணம் ஆகாத எனக்கு இப்படியொரு வரவேற்பு!

ஆகஸ்ட் 20
பொறிகளை அவிழ்த்தாகிவிட்டது. மைதானத்தில் மொத்தம் 23, அக்கம்பக்கத்தில் 1, 0, 0. அடுத்த வருஷம் அங்கே நெருக்கமாகக் கட்டுவார்கள். கூட்டம் இருப்பது உறுதியானால் இதே வாசனையை விமானத்திலிருந்து தெளிப்பதும் உண்டு. எங்கும் பெண் வாசனையாக இருந்தால் ஆணுக்கு நிஜப் பெண் எங்கே என்று தெரியாது. பூச்சி குறைவாக இருக்கும் இடத்தில்தான் அது பலிக்கும். அதற்குத்தான் இத்தனை எண்ணிக்கை.

ஓடைக்கரைப் பொறி மட்டும் கிடைக்கவில்லை. கயிறு மட்டும் தொங்கியது, கரடியோ, பையன்களோ. "சுத்தி எல்லாம் பூஜ்யம்தானே, இதுக்கும் பூஜ்யம் போடு" என்றான் கூட வந்தவன். "காணவில்லை" என்று எழுதினேன். அவனுக்குக் கோபம். ஊர் திரும்பும்வரை பேசவில்லை.