ஷாப் ஃப்ளோர் நாட்குறிப்பு: கற்றுக்கொண்டால் எனக்கு என்ன?

ஜூன் 3, திங்கள்

"நம்ம ஆளுங்களுக்குக் கத்துக்கிற ஆர்வமே கிடையாது." காலைக் கூட்டத்தில் ஒருவர் சொல்ல, மற்றவர்களும் தலையாட்டினார்கள். அளவெடுக்கும் கருவிகள் பற்றிய பயிற்சிக்குப் பெயர் கேட்டு ஒட்டிய தாள் காலியாகவே கிடக்கிறது. அதை வைத்துத்தான் இந்தப் பேச்சு. பயிற்சியை நடத்தும் எனக்கு இதில் உடன்பாடு இல்லை. போன மாதம் ஒரு சிஎன்சி லேத் (கணினி இயக்கும் கடைசல் மெஷின்) பழுதாகி நின்றபோது, ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் மெயின்டனன்ஸ்காரருக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் இதே ஆட்கள்தான். ஆர்வம் இருக்கிறது. பயிற்சி என்றதும் அது எங்கே போகிறது என்பதை அவர்களிடமே கேட்டுவிட வேண்டும்.

ஜூன் 5, புதன்

இரண்டு ஷிப்டிலும் நின்று பேசினேன். யாரும் "படிக்கப் பிடிக்காது" என்று சொல்லவில்லை.

இன்சென்டிவ், அதாவது உற்பத்தி ஊக்கத்தொகை, பற்றி ஒருவர் சொன்னார்: "கிளாஸ்ல உக்காந்தா அன்னிக்கு இன்சென்டிவ் போச்சு. டார்கெட்ட மட்டும் யாரும் கொறைக்க மாட்டாங்க சார்." இன்னொருவர் போன வருடமே அரைக்கும் மெஷின் ஓட்டக் கற்றுக்கொண்டவர். அதன்பிறகு ஆள் வராத நாளெல்லாம் அவரைத்தான் அங்கே அனுப்புகிறார்கள். சம்பளக் கிரேடு மட்டும் ஏறவில்லை. அவரைப் பார்த்த மற்றவர்கள் "தெரியாதுன்னு சொல்றதே நிம்மதி" என்று முடிவு செய்துவிட்டார்கள். வயதில் மூத்த ஒருவர் தயங்கித் தயங்கிச் சொன்னது வேறு விஷயம். நேற்று சேர்ந்த பையன்கள் முன்னால் கேள்வி கேட்டு, பதில் தெரியாமல் நிற்க அவரால் முடியாது.

இதையெல்லாம் கேட்டபோது மனிதரை வேலை செய்யத் தூண்டுவது எது என்பது பற்றி உளவியலாளர் விக்டர் வ்ரூம் 1964-இல் முன்வைத்த கோட்பாடு நினைவுக்கு வந்தது. முயன்றால் எனக்கு இது வருமா? வந்தால் அதனால் ஏதாவது கிடைக்குமா? கிடைப்பது எனக்கு வேண்டியதுதானா? இந்த மூன்றையும் அவர் கூட்டவில்லை, பெருக்கினார். ஒன்று பூஜ்யமானால் மொத்தமும் பூஜ்யம். நாம் எல்லாக் காசையும் முதல் கேள்விக்கே செலவழிக்கிறோம். நல்ல ப்ரொஜெக்டர், நல்ல பயிற்றுநர், வண்ணக் கையேடு. மற்ற இரண்டு கேள்விகளைக் கேட்பார் இல்லை. தொழிலாளிகள் மூன்றையும் மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டுத்தான் தாளில் பெயர் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு சரியான கணக்கு.

ஜூன் 7, வெள்ளி

பயிற்சி நேரத்துக்குச் சராசரி இன்சென்டிவ் தர உற்பத்திப் பிரிவு ஒப்புக்கொண்டது, இந்த ஒரு குழுவுக்கு மட்டும். புதிய மெஷினில் பழகும் முதல் சில வாரங்களுக்கும் இதே ஏற்பாடு வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். கை பழகும்வரை வேகம் குறையத்தான் செய்யும். அந்த இழப்பைக் கற்றுக்கொள்பவர் தலையில் கட்டினால் அடுத்த ஆள் வர மாட்டார். கிரேடு பற்றிய பேச்சு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

ஜூன் 12, புதன்

இன்றைக்கு நடந்ததை விரிவாகவே எழுதி வைக்கிறேன்.

வகுப்பறைக்குப் போகாமல் லேத் பக்கத்திலேயே கூடினோம். பாடத்தின் தலைப்பைச் சொல்லாமல், எல்லாரையும் எரிச்சல்படுத்தும் பிரச்சினை ஒன்றை எடுத்து வைத்தேன். 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட் (உருளைத் தண்டு), மெஷினில் அளந்தால் அளவுக்குள் இருக்கிறது. அதையே இன்ஸ்பெக்ஷன் அறையில் "அளவு கம்மி" என்று தள்ளிவிடுகிறார்கள். யார் சொல்வது சரி?

ஆபரேட்டர்களும் இன்ஸ்பெக்ஷன்காரர்களும் ஒருவரையொருவர் குறை சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தேன். அதுவரை வாய் திறக்காத மூத்த ஆபரேட்டர் ஒருவர், "சூடா இருக்கும்போது அளந்தா அப்படித்தான் ஏமாத்தும்" என்றார். "எவ்வளவு ஏமாத்தும் அண்ணே?" என்று ஒரு பையன் கேட்டான். அவருக்கு அனுபவத்தில் தெரியும், எண்ணாகச் சொல்லத் தெரியாது. அங்கேதான் என் வேலை வந்தது. எஃகு ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மீட்டருக்குச் சுமார் 0.0115 மில்லிமீட்டர் நீளும். 100 மில்லிமீட்டர் விட்டம், அறையைவிட 20 டிகிரி அதிகச் சூடு என்றால்? பையன்கள் போனில் பெருக்கினார்கள். 0.023 வந்தது. அந்த ஜாபுக்கு நாங்கள் விட்டிருக்கும் மொத்த டாலரன்ஸே (அளவில் அனுமதிக்கும் வித்தியாசம்) 0.03தான்!

அதற்குப் பிறகு யாரையும் கவனிக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அப்போதுதான் கடைந்து எடுத்த ஷாஃப்டை அளந்து குறித்தோம், ஆறவிட்டு மறுபடி அளந்தோம். அளவுகள் 20 டிகிரி செல்சியஸுக்கு என்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்டிருப்பதைச் சொன்னேன். நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரை ரொம்ப நேரம் உள்ளங்கையில் பிடித்திருந்தால் கருவியே சூடேறும் என்பதையும், அதன் முனையில் இருக்கும் ராட்செட் என்ற திருகைத் திருப்பி அளந்தால்தான் ஆளுக்கு ஆள் அழுத்தம் மாறாது என்பதையும் ஒரே மூச்சில் வாங்கிக்கொண்டார்கள். இதே விஷயங்கள் பழைய கையேட்டிலும் இருக்கின்றன. "ராட்செட்டைப் பயன்படுத்தவும்" என்று ஒரு வரி, ஏன் என்று ஒரு சொல் கிடையாது.

அந்த மூத்தவர்தான் திங்கட்கிழமையிலிருந்து இந்தப் பகுதியைச் சொல்லிக்கொடுக்கப் போகிறார். கேட்டவுடன் சம்மதிக்கவில்லை. "எனக்கு இங்கிலீஷ் வராது சார்" என்றார். இதற்கு எதற்கு இங்கிலீஷ்?

ஜூன் 16, ஞாயிறு

விடுமுறை. அவருக்காகக் குறிப்பு தயார் செய்தேன்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கத் தொழிற்சாலைகளில் அனுபவசாலிகள் பலர் போர்முனைக்குப் போய்விட, தொழிற்சாலையையே பார்த்திராதவர்கள் வேலைக்கு வந்தார்கள். அவர்களை விரைவாகத் தேர்ந்த தொழிலாளிகளாக்க 1940-இல் தொடங்கிய டிரெயினிங் வித்தின் இண்டஸ்ட்ரி திட்டம் 1945 வரை நடந்தது. முதல் உலகப் போரின்போது கப்பல் கட்டும் தளங்களில் சார்லஸ் ஆலன் உருவாக்கிய முறைதான் அதற்கு அடிப்படை. கற்பவரைத் தயார்படுத்து, செய்து காட்டு, அவரையே செய்ய வை, பிறகும் போய்ப் பார். நான்கே படிகள். போருக்குப் பின் ஜப்பானுக்குப் போய், டொயோட்டாவின் பயிற்சி முறையில் அது நிலைத்துவிட்டது. "தொழிலாளி கற்கவில்லை என்றால், கற்பித்தவர் கற்பிக்கவில்லை" என்பது அவர்கள் வைத்திருந்த வாசகம். எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. புரியாமல் நிற்பவர் மேலிருக்கும் பாரத்தை இது இறக்கி வைக்கிறது.

முதல் படியைத்தான் எல்லாரும் தாவிவிடுகிறோம். வந்தவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பதும் அந்தப் படியில் அடக்கம்.

ஜூன் 20, வியாழன்

எழுத்துத் தேர்வை எடுத்துவிட்டேன். பேக்கிங்கிலிருந்து வந்த ஓர் அக்கா, தேர்வு என்றதும் "நான் வரலப்பா" என்று எழுந்தே விட்டார். படிவம் நிரப்பச் சிரமப்படும் அதே கை மைக்ரோமீட்டரை மிக நிதானமாகப் பிடிக்கிறது. அளந்து காட்டச் சொன்னால் போதும். ஏன் அப்படி அளந்தார் என்று வாயால் சொன்னால் இன்னும் நல்லது.

எழுத்துத் தேர்வுக்குப் பதிலாக ஷிப்ட் தொடங்கும்போது லைனிலேயே ஒரே ஒரு கேள்வி. கற்றது எவ்வளவு சீக்கிரம் மறக்கும் என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்காஸ் 1885-இலேயே அளந்து எழுதிவிட்டார். நடுநடுவே நினைவிலிருந்து எடுத்துச் சொல்ல வைத்தால் நிற்கும். யார் பெயரையும் சொல்லிக் கேட்பதில்லை, தெரிந்தவர் சொல்லட்டும். மதிப்பெண்ணும் கிடையாது.

ஜூலை 2, செவ்வாய்

கோபமான நாள். பயிற்சி முடித்துப் போன ஒரு தம்பி, ஷாஃப்ட் ஆறட்டும் என்று காத்திருந்திருக்கிறான். சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், "கிளாஸ்ல சொன்னதெல்லாம் அங்கேயே விட்டுட்டு வா, இங்க எனக்கு நம்பர் வேணும்" என்று சொல்லிவிட்டார். நாங்கள் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் அந்த ஒரு வாக்கியத்தில் போனது. பக்கத்தில் நின்றவர்களுக்கும் பாடம் கிடைத்துவிட்டது, நான் நடத்தாத பாடம்.

சாயங்காலம் அந்தச் சூப்பர்வைசரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் கெட்டவர் இல்லை. அவரிடம் மாலையில் கேட்கப்படுவது எண்ணிக்கை ஒன்றுதான். திருப்பி அனுப்பப்படும் ஜாபுகள் வேறொரு கணக்கில் போகின்றன. வேறு யாரோ பதில் சொல்கிறார்கள். அப்புறம் அவர் மட்டும் ஏன் ஆறும்வரை காத்திருக்க விடுவார்? ரிஜெக்ஷன் கணக்கையும் அதே தாளில், எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன். சூடான ஜாபை அடுக்கி ஆறவைக்க மெஷின் பக்கத்தில் ஒரு ரேக் வைத்தால் யாரும் காத்திருக்கவே வேண்டாம், அடுத்த ஜாபை ஏற்றிவிடலாம். ரேக் யோசனை அவருடையது.

ஜூலை 9, செவ்வாய்

ரேக் வந்துவிட்டது. ரிஜெக்ஷன் கணக்கைச் சேர்ப்பது பற்றி இன்னும் முடிவாகவில்லை. அடுத்த குழுவுக்கான தாளில் ஆட்கள் தாங்களாகவே பெயர் எழுதியிருக்கிறார்கள், அந்தப் பேக்கிங் அக்கா தன் தோழியையும் சேர்த்துக்கொண்டு.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கிரேடு விஷயத்தை வைக்கிறேன். இரண்டாவது மெஷினைக் கற்று, அதில் தனியாக ஓட்டிக் காட்டியவருக்குக் கிரேடு ஏற வேண்டும். அங்கே அனுப்பப்படும் நாட்களுக்காவது கூடுதல் படிப்பணம் வேண்டும். அரைக்கும் மெஷின்காரரின் பெயரைத்தான் முதலில் எழுதியிருக்கிறேன்.