16,000 வெள்ளி சொன்ன பெட்டியைத் திறந்து பார்த்த கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களை இன்னும் விரல் விட்டு எண்ணிவிடலாம். என் கார் வீட்டில் சார்ஜ் ஏறாமல் அடம்பிடித்தபோது, யாரிடம் போகலாம் என்று கேட்கக்கூட அக்கம்பக்கத்தில் ஆள் இல்லை. இப்போது பள்ளியில் சக ஆசிரியர்களும் அவர்களுக்குத் தெரிந்தவர்களும் என்னிடம் விவரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் சொல்லி மாளவில்லை. அதனால் இங்கே எழுதிவிடுகிறேன். கார் கம்பெனியின் பெயர், கடைகளின் பெயர் எதுவும் வேண்டாம். சொல்ல வந்தது அதுவல்ல.

கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. வாகன வாரண்டி முடிந்துவிட்டது. பெரிய பேட்டரிக்கு மட்டும் 8 ஆண்டு வாரண்டியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இந்த இரண்டு வாரண்டியும் வேறு வேறு என்பதைக் கார் விற்பவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. பேட்டரிக்கு 8 ஆண்டு என்றதும் மின்சாரம் ஓடுகிற எல்லாவற்றுக்கும் 8 ஆண்டு என்று வாங்குகிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.

நடந்தது இதுதான். ராத்திரி பிளக் மாட்டினால் உள்ளே 'டக்' என்று ஒரு சத்தம் வரும், சிவப்பு விளக்கு மின்னும், அவ்வளவுதான். ஆனால் ஈப்போவில் டிசி வேகச் சார்ஜரில் மாட்டினால் ஒரு குறையும் இல்லாமல் ஏறியது. இது எனக்குப் புதிராக இருந்தது. என் தம்பி செம்பனை எண்ணெய் ஆலையில் சார்ஜ்மேன், அதாவது அங்குள்ள மின்சாதனங்களுக்குப் பொறுப்பாளன். போனிலேயே சிரித்தான். "அக்கா, பேட்டரிக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதீங்க. வீட்டுக் கரண்ட் ஏசி. அதை டிசியாக மாற்றுகிற பெட்டி காருக்குள்ளேயே இருக்கு. வேகச் சார்ஜரில் அந்த வேலையை வெளியே நிற்கிற மெஷினே செய்து நேராக பேட்டரிக்கு அனுப்பிவிடும். உங்க பெட்டிதான் படுத்துவிட்டது, இல்லாவிட்டால் வீட்டுப் பாயிண்ட்."

எந்த வர்க்‌ஷாப்புக்கும் போகும் முன் அவன் சில சோதனைகளைச் செய்யச் சொன்னான். முதலில் 12 வோல்ட் சின்ன பேட்டரி. அது வலுவிழந்தால் காரின் கம்ப்யூட்டர்கள் சம்பந்தமே இல்லாத எச்சரிக்கைகளை எல்லாம் காட்டுமாம். 300 வெள்ளிக்குள் (வெள்ளி என்றால் மலேசிய ரிங்கிட்) முடிகிற அந்த விஷயத்தைப் பார்க்காமல் பெரிய பெட்டியைக் கழற்றிய கதைகள் அவனிடம் உண்டு. அடுத்து வீட்டுச் சார்ஜர், அதன் எர்த், டிரிப் சுவிட்ச். கடைசியாக வேறொருவர் வீட்டுச் சார்ஜரில் என் காரை மாட்டிப் பார்ப்பது. சிம்மோரில் ஒரு குடும்பம் பெருந்தன்மையாக அனுமதித்தது. அங்கேயும் 'டக்', சிவப்பு விளக்கு. சரி, பழுது காரில்தான்.

சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டரை மாட்டி, கோளாறு எண்களை எடுத்து, மரியாதையாகத்தான் பேசினார்கள். சோதனைக் கட்டணம் 380 வெள்ளி. காருக்குள்ளே இருக்கும் சார்ஜர், 12 வோல்ட்டுக்கு மின்சாரம் தரும் மாற்றி, உயர் அழுத்த இணைப்புப் பெட்டி மூன்றும் ஒரே கூட்டில் இருப்பதால் முழுவதையும்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். பொருளுக்கு 14,600 வெள்ளி, கூலி தனி, அதற்கு மேல் 8 விழுக்காடு சேவை வரி. கூட்டினால் 16,000-ஐத் தாண்டியது. பொருள் வெளிநாட்டிலிருந்து வர சில மாதம் ஆகலாம். "உள்ளே எது கெட்டது?" என்று கேட்டேன். அங்கிருந்த இளைஞர் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "தெரியாது டீச்சர். அதைத் திறக்க எங்களுக்கு அனுமதி இல்லை."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. உயர் அழுத்தப் பெட்டியைத் திறந்து சால்டர் வைப்பது அவர் பயிற்சியில் இல்லை. தவறு நடந்தால் பொறுப்பு கம்பெனி மேல் விழும். ஆனால் எது கெட்டது என்றே தெரியாமல் 16,000 வெள்ளி கட்டச் சொல்கிறார்கள் என்பதை மனம் ஏற்கவில்லை. அங்கிருந்து கிளம்பும் முன் ஒரு வேலை செய்தேன். இந்தச் சார்ஜரை வெளியே பழுதுபார்த்தால் பேட்டரி வாரண்டி என்னாகும் என்று மின்னஞ்சலில் கேட்டேன். பேட்டரியைத் திறக்காதவரை அதன் வாரண்டி நிற்கும், ஆனால் வெளி வேலையால் பேட்டரிக்குச் சேதம் வந்தால் ஏற்க மாட்டோம் என்று பதில் வந்தது. நியாயமான பதில். வாயால் சொல்லியிருந்தால் எனக்குப் பயன்பட்டிருக்காது.

அடுத்து காப்புறுதி. கோளாறு வந்த வாரம் நல்ல இடி மழை. நம்முடைய வழக்கமான முழுக் காப்புறுதியில் தீ, வெடிப்பு, மின்னல் மூன்றும் அடங்கும். தேய்மானமும் மின்சார, மின்னணுக் கோளாறும் அடங்காது. மின்னல் என்று நிரூபித்தால் பணம் கிடைக்கலாம் என்றார் ஏஜெண்ட். ஆனால் கிளெய்ம் செய்தால் என் 55 விழுக்காடு என்சிடி (கிளெய்ம் செய்யாமல் ஓட்டியதற்குப் பிரீமியத்தில் தரும் கழிவு) பூஜ்யத்துக்குப் போகும். 25, 30, 38.33, 45 என்று ஏறி மறுபடி 55-க்கு வர ஐந்து ஆண்டு கிளெய்ம் இல்லாமல் ஓட்ட வேண்டும். மின்சாரக் காரின் பிரீமியத்துக்கு அது சின்னத் தொகை இல்லை. பெட்டியைத் திறந்து பார்க்காமல் இதில் முடிவெடுக்க முடியாது என்று தோன்றியது. வழக்கமாக விபத்தில்தான் இந்தக் கணக்கைப் போடுவோம், எலக்ட்ரானிக்ஸுக்கும் போட வேண்டியிருந்தது.

பழைய கார்களை வெட்டி உதிரிப்பொருள் விற்கும் கெடாய் போத்தோங்கிலும் விசாரித்தேன். விபத்தில் அடிபட்டு வந்த கார்களின் ஹாஃப்கட்டிலிருந்து, அதாவது வெட்டிய பாதிக் காரிலிருந்து, இதே பெட்டி 4,500 வெள்ளிக்குக் கிடைக்கும் என்றார்கள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வேறொரு காரின் பெட்டி என் காரோடு பேச வேண்டுமானால் கம்பெனியின் மென்பொருளால் ஜோடி சேர்க்க வேண்டும். வெளியிலிருந்து கொண்டுவந்த பொருளை அவர்கள் ஜோடி சேர்த்துத் தருவார்களா என்பதற்கு யாரும் உறுதி சொல்லவில்லை. விட்டுவிட்டேன்.

வழி கிடைத்தது ஹைபிரிட் கார்க்காரர்களிடம். 2011 முதல் 2013 வரை அரசாங்கம் ஹைபிரிட் கார்களுக்கு வரிவிலக்குத் தந்தபோது நம் நாட்டில் அவை ஏராளமாக விற்றன. அந்தக் கார்களின் பேட்டரிகள் கிழடாகத் தொடங்கியதும் அவற்றைத் தனியாகப் பழுதுபார்க்கும் வர்க்‌ஷாப்புகள் முளைத்தன. ஈப்போவை ஒட்டிய மெங்லெம்புவில் அப்படி ஒன்றை ஒரு சீனர் நடத்துகிறார். உயர் அழுத்த வேலை அவருக்குப் பழக்கம். காரைப் பார்த்துவிட்டு, "சிக்கு (மலாயில் ஆசிரியர்), கழற்றித் தருவேன், மாட்டித் தருவேன். உள்ளே பார்க்கிற ஆள் நான் இல்லை" என்றார். உள்ளே பார்க்கிற ஆளின் முகவரியையும் அவரே கொடுத்தார். எனக்குத் தெரியாது என்று சொல்லத் தெரிந்த போர்மன் (மெக்கானிக்) மேல் எனக்கு உடனே நம்பிக்கை வந்துவிடும்.

அவர் வேலை செய்ததை நின்று பார்த்தேன். 1,000 வோல்ட் கையுறை, அதன் மேல் தோல் உறை. முதலில் 12 வோல்ட் பேட்டரியின் இணைப்பு, பிறகு உயர் அழுத்தத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக். அதை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், வேறு யாரும் மாட்டிவிடக் கூடாதாம். அப்புறம் பத்து நிமிடம் சும்மா நின்றார். கப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் இறங்க வேண்டும். அதற்குப் பிறகும் மீட்டர் வைத்துப் பூஜ்யம் என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட்டார். இந்தப் பத்து நிமிடம் நிற்கப் பொறுமையில்லாத கடைக்கு யாரும் மின்சாரக் காரைக் கொண்டுபோக வேண்டாம்.

பெட்டியைப் பழைய துவாலையில் சுற்றிக்கொண்டு புக்கிட் மெர்தாஜாம் போனேன். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கியதிலிருந்து பினாங்குப் பக்கம் போர்டு வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. மெங்லெம்புக்காரர் முகவரி கொடுத்த ஆளும் அங்கே தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்ற நம்மவர்தான். இன்வெர்ட்டர் ஏர்கான் போர்டு, தொழிற்சாலை மெஷின் போர்டு, கார் ஈசியு (காரின் கம்ப்யூட்டர்) என்று வீட்டின் பின்கட்டில் வேலை நடக்கிறது. கைவைக்கும் முன்னே நிபந்தனைகளைச் சொல்லிவிட்டார். பார்ப்பதற்கு 200 வெள்ளி, சரியானால் அது மொத்தக் கூலியில் கழியும். உள்ளே முழுக்கப் பிசின் ஊற்றி மூடியிருந்தால் தொட மாட்டார். மாற்றிய பொருட்களைத் திருப்பிக் கொடுப்பார். ஆறு மாத உத்தரவாதம், எழுத்தில்.

பெட்டியின் மூடியை ஒட்டியிருந்த சீலை வெட்டித் திறந்ததும் எனக்குத் தெரிந்தது பச்சைப் போர்டும் செப்புச் சுருளும்தான். அவர் விரலால் வழி காட்டினார். வீட்டு மின்சாரம் இந்த ஃபியூஸ் வழியாக வருகிறது, இங்கே டிசியாகிறது, இங்கே 400 வோல்ட் அளவுக்கு உயர்கிறது, இந்தப் பெரிய கப்பாசிட்டர்களில் தங்குகிறது, டிரான்ஸ்ஃபார்மரைத் தாண்டி பேட்டரிக்குப் போகிறது. ஃபியூஸ் எரிந்திருந்தது. அதற்கு அடுத்திருந்த மோஸ்ஃபெட் (மின்னணு சுவிட்ச்) ஜோடி ஷார்ட். அவற்றை இயக்கும் சில்லும் கூடவே போயிருந்தது. ஒரு கப்பாசிட்டரின் தலை லேசாக உப்பியிருந்தது. மின்னல் அடித்திருந்தால் முதலில் சாக வேண்டிய வேரிஸ்டர் (மின்னெழுச்சியைத் தடுக்கும் பாகம்) மட்டும் பளிச்சென்று இருந்தது.

"இடி இல்லை டீச்சர், சூடு. கார் எங்கே நிற்குது?"

தகரக் கூரை போர்ச்சில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் சார்ஜ் போடுவேன் என்றேன். தலையாட்டினார். இந்த வகைக் கப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பழைய கணக்காம். காப்புறுதிக் கேள்வி அங்கேயே முடிந்துவிட்டது.

இன்னொன்றும் சொன்னார். ஃபியூஸை மட்டும் மாற்றி 300 வெள்ளி வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். முதல் ராத்திரியே அது மறுபடி எரியும், போகும்போது இன்னும் நாலு பொருளைக் கூட்டிக்கொண்டு போகும். எரிந்த ஃபியூஸ் நோய் இல்லை, அறிகுறி. அதேபோல் கெட்ட மோஸ்ஃபெட்டை மட்டும் மாற்றாமல் அதே வேலை செய்யும் எல்லாவற்றையும் ஒரே பேட்சில் மாற்ற வேண்டும். இணையத்தில் மலிவாக விற்பவற்றில் போலி நிறைய என்பதால் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களிடம்தான் வாங்குவார். காத்திருந்த நேரத்தில் பெரும்பகுதி இந்தப் பொருள் வருவதற்காகத்தான். அதுவரை ஈப்போவில் டிசி. வீட்டுக் கரண்டை விட இரண்டு மடங்குக்கும் மேல் செலவு.

நான் பணத்தைப் பற்றிப் புலம்பியதும் டெஸ்லா கதை ஒன்று சொன்னார். 2021-இல் அமெரிக்காவில் மாடல் எஸ், எக்ஸ் கார்கள் சுமார் 1,35,000-ஐத் திரும்ப அழைத்தார்கள். காரணம் 8 ஜிபி நினைவகச் சில்லு ஒன்று. ஓயாமல் எழுதி எழுதித் தேய்ந்துபோனதால் நடுத் திரை இருண்டது, ரிவர்ஸ் கேமராவும் போனது. அந்த அழைப்புக்கு முன்பே தனியார் கடைகள் போர்டை வைத்துக்கொண்டு சில்லை மட்டும் மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தனவாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் தொழில் பெருமை தெரிந்தது.

வேலை முடிந்ததும் ஒரு பழைய குண்டு பல்பைத் தொடரில் மாட்டி மின்சாரம் கொடுத்தார். உள்ளே இன்னும் ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், போர்டு தப்பிக்கும். பல்பு ஒரு நொடி மினுக்கி அடங்கியது. ஆனால் மேசையில் முழுச் சோதனை செய்ய முடியாது. கார் தரும் செய்தி வராமல் சார்ஜர் வேலையைத் தொடங்காது. புதுச் சீல் போட்டு, கூலண்ட் தட்டில் கசிவு பார்த்துக் கொடுத்தார். மொத்தம் 1,900 வெள்ளி.

மெங்லெம்புவில் மாட்டும் நாளில் தம்பியும் வந்தான். பேட்டரியோடு இணைக்கும் முன் 500 வோல்ட் மெக்கர் என்ற கருவியில் காப்பு மின்தடையை, அதாவது மின்சாரம் வெளியே கசியவில்லையா என்று, பார்த்தார்கள். வோல்ட்டுக்கு 500 ஓம் இருக்க வேண்டும் என்ற விதிப்படி என் காருக்கு 2 லட்சம் ஓம் போதும். வந்தது பல மெகா ஓம் (ஒரு மெகா ஓம் என்பது 10 லட்சம் ஓம்). கூலண்டில் காற்று எடுத்து, பழைய கோளாறு எண்களை அழித்து, பிளக் மாட்டினோம். என் காரின் பெட்டி என் காருக்கே திரும்பி வந்ததால் ஜோடி சேர்க்கும் சிக்கல் இல்லை. சார்ஜ் ஏறியது. கழற்றி மாட்ட 650 வெள்ளி. சர்வீஸ் சென்டர் சோதனைக் கட்டணத்தையும் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது.

ரசீதுகளில் என்னென்ன மாற்றினார்கள், உத்தரவாதம் எத்தனை மாதம் என்று விவரமாக எழுதி வாங்கினேன். எழுத அவர்களுக்குக் கொஞ்சம் சலிப்புதான். ஆனால் ஏதாவது தகராறு வந்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம். வெறும் "ரிப்பேர் 1,900" என்று எழுதிய துண்டுச் சீட்டை அங்கே நீட்டினால் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இப்போது ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் சார்ஜ் போடுகிறேன். தம்பி மெயின் பெட்டியில் மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றும் மாட்டிவிட்டான். இடி காரணமில்லை என்றாலும் பேராக் வானத்தை நம்ப முடியாது.

போன வாரம் கோலகங்சாரிலிருந்து ஒருவர் புக்கிட் மெர்தாஜாம் நம்பர் கேட்டு அழைத்தார். அவர் கார் 80 விழுக்காட்டிலிருந்து திடீரென்று 30-க்கு விழுகிறதாம். கார் வாங்கி எத்தனை ஆண்டு என்று கேட்டேன், நாலு என்றார். நம்பர் கொடுக்கவில்லை. அது பேட்டரிக் கதை, வாரண்டி இன்னும் இருக்கிறது, யாரையும் திறக்க விடாமல் முதலில் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள் என்று சொல்லி வைத்தேன்.